நாவுக்கு விலங்கு ஏன்?

மொழி வராத பிள்ளை என்று ஒருவன் உண்டா? உண்டு என்கிறார்கள் ஆசிரியர் சிலர். “இவன் நாக்குக்கு அது வராது” என்று தீர்ப்பளித்துவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை ஆயுள் முழுதும் சுமப்பவனோ மாணவன்! தாய்மொழியை மூன்று வயதிலே பேசியவன் அவன்; பிரம்பின்றி, தேர்வின்றிப் பேசியவன். அந்த நாக்குப் பதினெட்டு வயதிலே மரத்துப்போனது எங்ஙனம்? மரத்ததா, மரக்கடிக்கப்பட்டதா? ஆராய்தல் வேண்டும், தோழர்களே!

தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே உள்ளது பொத்தேரி. காலையில் மின்சார ரயில் நின்றதும் மாணவர் கூட்டம் அலையென இறங்கும். அங்குள்ள எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் 2018 ஆம் ஆண்டுப் பொறியியல் பாடத்திட்டத்திலே சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான், கொரியம் என ஐந்து அயல்மொழிகள் இடம்பெற்றன. காரணம் தொலைவில் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் கொரிய நிறுவனத்தின் கார்கள் உருவாகத் தொடங்கின. சிங்கப்பெருமாள் கோயில் அருகே 2007 இல் ஜெர்மன் நிறுவனத்தின் கார் ஆலை எழுந்தது. உலகம் நம் வாயிற்படிக்கே வந்து நிற்கிறது. வந்தவரோடு உரையாட வல்லவன் வளர்கிறான்.

பொத்தேரியை அடுத்த ஊரின் பெயர் மறைமலை நகர். தனித்தமிழ் கண்ட மறைமலையடிகள், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர். வடமொழியும் ஆங்கிலமும் அறிந்தவர். தன்மொழியில் காலூன்றி நிற்பவனுக்குப் பிறமொழியில் கைநீட்ட அச்சமில்லை என்பதற்கு அவரே சான்று.

அந்தச் சுற்றுவட்டாரத்து இளைஞர் சிலருக்கு, மாலை வேளைகளில், ஜப்பான் மொழியின் தொடக்கப் பாடங்களை நாம் சொல்லிக்கொடுத்ததுண்டு. தமிழ்வழியில் படித்தோர், குடும்பத்திலே முதன்முதல் கல்லூரி வாசல் மிதித்தோர். முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவன் சொன்னான்: பள்ளியிலே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிழையாக உச்சரித்தான், வகுப்பே சிரிக்கும்வரை அவனை நிற்கவைத்தார் ஆசிரியர். அன்று பூட்டிய வாய்! அறியாமை அன்று அவனிடம் இருந்தது, அவமானம்! அறியாமைக்கு மருந்து பாடம். அவமானத்துக்கு மருந்து?

கரும்பலகையிலே ‘நான் சோறு உண்கிறேன்’ என்று எழுதினோம். அதன்கீழ் ‘வதாஷி வா கோஹன் ஓ தாபெமாசு’ என்று எழுதினோம். எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், வினை கடைசியில்! நம் ‘ஐ’ உருபு நிற்கும் இடத்திலே அவர்கள் ‘ஓ’ நிற்கிறது. வாய் திறவாத அவன் எழுந்தான். “ஐயா, இது நம்ம தமிழ் மாதிரியே இருக்குதே!” என்றான். அவனுடைய தமிழ், அதுவரை தாழ்வு என்று அவன் மறைத்துவந்த தமிழ், திறவுகோலாயிற்று!

எளிது என்று பொய்யுரைக்கவில்லை நாம். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு 2010 இல் வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜி எழுத்துகள் உள்ளன. உழைப்பு வேண்டும். ஆனால் உழைப்பவன், இது தன்னால் ஆகும் என்று முதலில் நம்புதல் வேண்டும்.

சிரிப்பும் ஆசிரியனுக்கு ஒரு கருவி. பிரெஞ்சு இலக்கணத்திலே மேசை பெண்பால். ஜெர்மன் இலக்கணத்திலோ அதே மேசை ஆண்பால். சிறுமியோ ஆணுமல்லள், பெண்ணுமல்லள்! உயர்திணை, அஃறிணை என்று பகுத்தறிந்து பிரித்த மொழியிலே பிறந்த மாணவன் இதைக் கேட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும்! மாணவனைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை. மாணவனோடு சேர்ந்து சிரிப்பது கல்வி.

கொரிய எழுத்தின் வரலாற்றைக் கேளுங்கள். சீன எழுத்துகளைக் கற்க ஓய்வும் செல்வமும் படைத்தோரே அங்கு அறிவாளர். ஏர் பிடித்தவனுக்கு எழுத்தில்லை. செஜோங் என்ற மன்னன் 1443 இல் 28 எழுத்துகளை ஆக்கி, 1446 இல் நாட்டுக்கு அறிவித்தான். நாவும் உதடும் தொண்டையும் ஒலிக்கையில் கொள்ளும் வடிவைத் தழுவியவை அதன் அடிப்படை மெய்கள். தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் படித்தவனுக்கு இது வியப்பன்று, உறவு! புலமையாளர் சிலர் 1444 இலேயே எதிர்த்து விண்ணப்பித்தனர். எழுத்து எளிதானால் தங்கள் ஏற்றம் என்னாவது? அந்தக் குரல் நமக்குப் புதிதா, தோழர்களே? எழுத்தோடு இக்கதையையும் சொல்லிக்கொடுங்கள், மாணவன் தூங்கமாட்டான்.

கற்கும் முறைக்கு நம் மண்ணிலேயே பாடமுண்டு. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலிலே விரலால் தமிழ் எழுதிப் பழகினார். படித்த பெரியவர், பாலரோடு பாலராக அமர நாணவில்லை. நாணம் போன இடத்திலே மொழி வந்தது.

1938 இல் இந்தியைக் கட்டாயமாக்கியபோது தமிழகம் கொதித்தெழுந்தது. 1940 இல் அக்கட்டாயம் விலக்கப்பட்டது. எதிர்த்தது திணிப்பை. அந்தப் பாடம் வகுப்பறைக்கும் பொருந்தும். பிரம்பும் மதிப்பெண்ணும் பரிகாசமும் காட்டி ஊட்டும் மொழி, அது எம்மொழியாயினும், திணிப்பே. ஏன் கற்கிறோம் என்பதை அறிந்தவன், தானே தேடிக் கற்பான்.

ஆகவே, ஆசிரியத் தோழர்களே! முதல் நாளே இலக்கண அட்டவணையை நீட்டாதீர். முதல் நாளே பேசத்தக்க ஐந்து வாக்கியங்களைத் தருக. பிழையைத் திருத்துக, பிழைத்தவனைத் தாழ்த்தற்க. தமிழை வாயிற்படியாக்குக.

இளைஞர்களே! உங்கள் நாக்குக்கு வராத மொழி உலகில் இல்லை. அதற்குப் பூட்டிய விலங்கு பிறர் பூட்டியது. உடைப்பது உங்கள் உரிமை!