எல்லைக்கு அப்பால் ஒரு வாடகை வீடு

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதிதன்று. பிரிவின் காரணங்களை வகுத்துரைத்த தொல்காப்பியர், ஓதல், பகை, தூது என்பவற்றோடு பொருளையும் ஒரு காரணமாக வைத்தார். பொருள்வயிற் பிரிந்த தலைவன் சுரம் கடந்து சென்றான். தலைவி இல்லிலிருந்து நாள் எண்ணினாள். இன்றைய பிரிவில் சுரம் இல்லை. தொழிற்சாலைப் பேருந்தும், வீட்டு உரிமையாளர் கேட்கும் முன்பணமும், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தலைவியும் பிள்ளைகளும் உடன் செல்வதா, இல்லிலேயே இருப்பதா என்பது இன்றைய வினா. வேற்று மாநிலத்தில் குடியேற எண்ணும் எளிய குடும்பம் செலவு குறைந்த ஊரை எவ்வாறு தேர்வது? நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே அதனை ஈண்டுச் சிந்திப்போம்.

நாம் வாழும் பெரியபாளையம் ஆரணியாற்றின் கரையில் அமைந்தது. பவானி அம்மன் கோயிலால் நாடறிந்த ஊர்; ஆடித் திங்களில் வேப்பிலையும் கூட்டமுமாகத் தெருக்கள் நிறையும். ஆரணியாறு ஆந்திரத்தில் தோன்றிப் பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாக நம் ஊரைத் தொட்டுப் பழவேற்காட்டுப் பக்கம் செல்கிறது. ஆற்றைப் போலவே மக்களும் இருபுறமும் கலந்து வாழ்கின்றனர். இங்கே தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. அங்கே தமிழ் பேசும் தெருக்கள் உண்டு.

இன்றைய எல்லைக்கோட்டின் வயதும் பெரிதன்று. 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து செங்கற்பட்டு மாவட்டத்துக்கு வந்தது; அதற்கு ஈடாகச் சத்தியவேட்டுப் பகுதி சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. முதல் நாள் இரவு ஒரு மாநிலத்தில் உறங்கி, மறுநாள் காலை வேறு மாநிலத்தில் கண்விழித்தவர்கள் அவ்வூரார். குடிபெயராமலேயே மாநிலம் மாறிய அவர்களின் ஊருக்கு, அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து நம் இல்லத்திலிருந்து ஒரு குடும்பம் குடிபெயர்ந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த காலத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து வேலை தேடி இங்கு வந்தோர் பலர். 2008-இல் தடாவுக்கு அருகே ஸ்ரீசிட்டி தொடங்கப்பெற்ற பின்னர் மக்கள் போக்கு இருவழிப்பட்டது. வாகனம், மின்னணுக் கருவி, மெட்ரோ இரயில் பெட்டி, மிட்டாய் எனப் பலவும் செய்யும் தொழிலகங்கள் அங்கே எழுந்தன. அம்பத்தூரில் இயந்திரப் பராமரிப்பாளராகப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த நம் தம்பி, 2024-இல் அங்கொரு தொழிலகத்தில் சேர்ந்தான். ஊதியம் கூடியது, முறைப்பணி வந்தது. நம் இல்லத்துக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்த அவன், காலை முறைக்கு விடியுமுன் புறப்படுவான். இரவு முறை முடிந்து கண் எரிய வண்டியோட்டி வருவான். போக வர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் சாலையில் கழிந்தது. கனரக வண்டிகள் விரையும் அச்சாலையில் அவன் வரும்வரை அன்னையார் உறங்கியதில்லை. குடிபெயர வேண்டும் என்று முதலில் சொன்னவரும் அவரே.

எவ்வூருக்குப் பெயர்வது? ஒரு தாளில் நான்கு ஊர்களை எழுதினோம். தடா பணியிடத்துக்கு அண்மையது. புறநகர் இரயிலும் நிற்கும். ஆனால், தொழிலாளர் வரவு மிகுந்ததால் வாடகை ஏறியிருந்தது. சூளூர்பேட்டை சற்றே பெரிய ஊர்; ஸ்ரீஅரிகோட்டா ஏவுதளத்துக்கு வாயிலாக விளங்குவதால் கடைத்தெருவும் பள்ளிகளும் உண்டு; சென்னையிலிருந்து புறநகர் இரயிலும் அதுவரை செல்கிறது. எனினும், பெரியபாளையத்திலிருந்து நேர்வழி இல்லை. சுற்றிச் செல்ல வேண்டும். திருப்பதியில் உயர்தர மருத்துவமனைகளும் கல்லூரிகளும் உண்டு. நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்ப ஒவ்வாத தொலைவு. எஞ்சியது சத்தியவேடு. ஊத்துக்கோட்டையைக் கடந்தால் சிறிது நேரத்தில் அடையலாம். கடைக்காரர் தமிழில் விலை சொல்வார். பெரியபாளையத்தில் தம்பி ரூ. 7,500 கொடுத்த அளவிலான வீடு அங்கே ரூ. 4,500-க்குக் கிடைத்தது. முன்பணமும் இரண்டு மாத வாடகையே.

மாதம் ரூ. 3,000 மிச்சம்; ஆண்டுக்கு ரூ. 36,000. இவ்வளவில் கணக்கை மூடிவிடுவோர் பலர். நாம் தாளின் மறுபக்கத்தையும் நிரப்பினோம்.

முதலாவது குடும்ப அட்டை. 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் இணைந்தது. அதன்வழி வேற்று மாநிலத்தில் பெறத்தக்கது நடுவண் உணவுச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைகளுக்குரிய தானியமே. நம் மாநிலம் தனியே வழங்கும் பருப்பும் பாமாயிலும் எல்லை தாண்டுவதில்லை. இரண்டாவது, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை. தம்பியின் மனைவி பெற்றுவந்த மாதம் ரூ. 1,000, குடிபெயர்ந்து முகவரி மாறினால் நின்றுவிடும், ஆண்டுக்கு ரூ. 12,000. மூன்றாவது வாகனம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வேற்று மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும்; அதற்குத் தடையின்மைச் சான்றும் புதிய வரியும் வேண்டும். இவற்றோடு, பெட்ரோல் விலையும் ஆந்திரத்தில் நம்மினும் மிகுதியாக இருந்தது.

இவையெல்லாம் பணத்தால் அளக்கத்தக்கவை. அளக்க இயலாத ஒன்று பிள்ளைகளின் கல்வி. தம்பியின் மகள் அப்போது அரசு மகளிர் பள்ளியில் எட்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தாள். மருத்துவம் பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். தமிழகத்தில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் 2020 முதல் ஒதுக்கப்படுகின்றன. 2021-இல் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அவள் இரண்டு ஆண்டுகளை முடித்திருந்தாள். சத்தியவேட்டுப் பள்ளியில் சேர்ந்தால் அத்தொடர் அறுந்துவிடும். பின்னர்த் திரும்பி வந்தாலும் ஒட்டாது.

அப்பால் சென்றால் அங்குள்ள உரிமையேனும் உடனே வாய்க்குமா? அதுவும் இல்லை. அரசியலமைப்பின் 371-டி பிரிவின்கீழ் 1974-இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, ஆந்திரத்துக் கல்விச் சேர்க்கையில் உள்ளூர் மாணவர்க்கு முன்னுரிமை தந்தது; அத்தகுதிக்குத் தகுதித் தேர்வை ஒட்டி நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அப்பகுதியில் பயின்றிருத்தல் பொதுவான அளவுகோல். இடஒதுக்கீட்டின் நிலையும் இத்தகையதே. தமிழகத்தில் முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2007-இல் வந்தது; அதே ஆண்டில் ஆந்திரமும் முஸ்லிம்களுள் பின்தங்கிய பிரிவினர்க்கு 4 விழுக்காடு வகுத்தது. இரண்டு பட்டியல்களும் அவ்வம் மாநிலத்துக்குரியவை. பெயர் ஒன்றாயிருப்பினும் சான்றிதழ் எல்லை கடந்தால் செல்லுபடியாவதில்லை. இச்செய்தியை நம் மாணவரின் பெற்றோர் பலரும் காலங்கடந்தே அறிகின்றனர்.

இவ்வளவையும் எடுத்துரைத்தபோது அன்னையார் மூன்று வினாக்களை எழுப்பினார். "அங்கே வெள்ளி உரை எந்த மொழியில்? உடம்புக்கு முடியாமல் போனால் வைத்தியரிடம் நம் பேச்சில் சொல்ல முடியுமா? ராத்திரியில் கூப்பிட்டால் பிள்ளை வந்து சேர எவ்வளவு நேரமாகும்?" நாம் நிரப்பிய தாளில் இம்மூன்றும் இல்லை. முதலிரண்டுக்கும் தமிழ் வழங்கும் சத்தியவேடே ஏற்ற விடையாயிற்று. மூன்றாவதற்கும் நான்கு ஊர்களுள் அண்மையது அதுவே.

மகளைப் பற்றிய முடிவை அவளே எடுத்தாள். "பெரியத்தா, நான் உங்க வீட்டிலேயே இருந்து படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தாவும் அம்மாவும் வந்தால் போதும்" என்றாள். பதின்மூன்று வயதுச் சிறுமி இதனைச் சொன்னபோது தம்பி எழுந்து வாயிற்புறம் சென்றுவிட்டான். அவன் மனைவி ஒன்றும் பேசவில்லை. அவ்வாண்டு சூன் திங்களில் தம்பியும் மனைவியும் ஐந்து வயது மகனும் சத்தியவேட்டுக்குச் சென்றனர். மகள் நம் இல்லத்தில் பாட்டியின் அறையில் தங்கினாள்.

இப்போது கணக்குக்குத் திரும்புவோம். வாடகையில் மிச்சம் ரூ. 36,000. நின்றுபோன தொகை ரூ. 12,000. ஞாயிறுதோறும் வந்துபோகும் செலவு வாரம் ரூ. 400 வீதம், விடுமுறை வாரங்கள் நீங்கலாக 48 வாரங்களுக்கு ரூ. 19,200. எஞ்சுவது ஆண்டுக்கு ரூ. 4,800, மாதத்துக்கு ரூ. 400. வண்டி மறுபதிவுக்கு ஆன செலவைக் கழித்தால் முதலாண்டில் அதுவும் பெரிதாக மிஞ்சவில்லை. அங்ஙனமாயின் குடிபெயர்ந்ததன் பயன் யாது? தம்பிக்கு நாள்தோறும் மூன்று மணி நேரம் திரும்பக் கிடைத்தது. இரவுப் பணி முடிந்து அரைமணி நேரத்துள் வீடு சேர்கிறான். அன்னையார் இப்போது உறங்குகிறார். இப்பயனுக்கு நாம் கொடுத்த விலை, வாரத்தில் ஆறு நாள் பெற்றோர் இன்றி இருக்கும் ஒரு பெண்பிள்ளை. தொடக்கத் திங்களில் அவள் இரவில் அழுததைப் பாட்டி மட்டுமே அறிவார். நமக்கு அது பின்னரே தெரிந்தது.

மகனின் வழி வேறாயிற்று. அவன் தெலுங்கு எழுத்தை விரைந்து கற்றான். பேருந்தின் பெயர்ப்பலகையைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறான். ஒரு பெருநாளையொட்டி அவன் பாட்டிக்கு வாழ்த்து மடல் எழுதினான். சொற்கள் தமிழ், எழுத்துகள் தெலுங்கு. தமிழ் கற்பிக்கும் நம் இல்லத்தில் அம்மடலை யாராலும் படிக்க இயலவில்லை. அவனே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. நம் முன்னோர் அறபெழுத்தில் தமிழை எழுதி அறபுத்தமிழ் என்றொரு மரபையே வளர்த்தனர். ஆதலின் எழுத்து மாறினால் மொழி அழிந்துவிடும் என்று நாம் அஞ்சவில்லை. ஆயினும், அம்மரபினர் தமிழைக் கேட்டும் ஓதியும் தலைமுறைதோறும் பேணினர். பேணுவோர் இன்றேல் எம்மொழியும் இரண்டாம் தலைமுறையில் அடுக்களைப் பேச்சாகச் சுருங்கும். ஞாயிறுதோறும் அக்காள் தம்பிக்கு உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதிக் காட்டுகிறாள்.

இத்துன்பம் நமக்கே உரியதன்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கி உழைக்கும் இளைஞர்களும் இதே கணக்கைப் போட்டவர்களே. அவர்தம் பிள்ளைகளும் ஏதோ ஓர் ஊரில் பாட்டியின் அறையில் உறங்குகின்றனர். அவர்கள் ஞாயிறுதோறும் சென்று வர இயலாது. ஆண்டுக்கு ஒருமுறையே இரயிலேறுகின்றனர். அவர்களைக் கடைத்தெருவில் காணும்போது அயலார் என்று கருதாது, நம் தம்பியின் நிலையில் வைத்துக் காணும் மனம் நமக்கு வாய்க்க வேண்டும்.

பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பணி பெற்றுச் செல்லும் நம் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். வாடகை குறைந்த ஊரெல்லாம் செலவு குறைந்த ஊராகிவிடாது. தாளின் ஒரு பக்கத்தில் வாடகை, முன்பணம், பயணம், வண்டி ஆகியவற்றை எழுதுங்கள். மறுபக்கத்தில் பிள்ளை பயிலும் வகுப்பு, அதனோடு பிணைந்த உரிமைகள், முதியோரின் வினாக்கள், இரவில் அழைத்தால் வந்து சேரும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். பிள்ளை ஆறாம் வகுப்புக்குச் செல்லுமுன் பெயர்வது ஒன்று. இடையிலே பெயர்வது வேறொன்று. முடிவு எதுவாயினும், கொடுக்கும் விலை இன்னதென்று அறிந்து கொடுங்கள்.

ஆட்சியாளர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கிருஷ்ணை நீரைச் சத்தியவேட்டு வழியாகப் பூண்டிக்குக் கொண்டுவர இரு மாநிலங்களும் 1983-இல் உடன்பாடு செய்தன. 1996-இல் நீரும் வந்தது. கால்வாய்க்கு எல்லையில் வழிவிட்டவர்கள் மாணவர்க்கும் வழிவிடலாம். எல்லையோர வட்டங்களில் ஒருபுறம் பயின்ற ஆண்டுகளை மறுபுறமும் ஏற்றுக்கொள்ளும் உடன்பாடு ஒன்று வருமாயின், நம் மகளைப் போன்ற பிள்ளைகள் படிப்பா பெற்றோரா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிராது.