ஆட்டமில்லா மாதங்கள்

காசிக்குப் படிக்க வந்தவன் கங்கையைப் பற்றி எழுதாமல் தண்டாலையும் பஸ்கியையும் பற்றி எழுதுகிறானே என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். சென்ற பங்குனி முதல் என் சிந்தையெல்லாம் அதில்தான் இருக்கிறது. காரணம் என் தம்பி.

அவன் கோவில்பட்டியில் பதினோராம் வகுப்பு மாணவன். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை பிடிக்காத பையனைக் காண்பது அரிது. இவனோ அதோடு நிற்காமல் கபடியும் ஆடுகிறான். நானூறு மீட்டரும் ஓடுகிறான். குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் பிறகு ஒரு களத்திலிருந்து மறு களத்துக்கு ஓடுவதே வேலை. ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும் வரையுள்ள சில வாரங்கள்தாம் ஆட்டமில்லாத காலம். அப்போது பளு தூக்கிப் பழகலாமா என்று தொலைபேசியில் கேட்டான்.

“முதலில் ஒரு விளையாட்டை விட்டுவிடு. இரண்டு போதும்” என்றேன்.

“நீ எல்லாவற்றையும் விட்டாயே, அதைப் போலவா அண்ணா?” என்றான்.

அவன் அறியாமல் கேட்ட கேள்விதான், எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டாம் வகுப்பில் நான் விளையாட்டை விட்டது படிப்புக்காக என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். உண்மை வேறு. அந்த ஆண்டு ஹாக்கிப் போட்டி முடிந்த மூன்றாம் நாள், ஓட்டப் பந்தயத்தின் கடைசி வளைவில், தொடையின் பின்புறம் ஏதோ அறுந்தாற்போல் இருந்தது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு பத்தாம் நாள் மறுபடி ஓடினேன். மறுபடி அறுந்தது. அதற்கு முந்திய கோடை விடுமுறையைக் காலையும் மாலையும் ஓடியே கழித்திருந்தேன். பளுவெல்லாம் பயில்வான்களுக்கு உரியது என்பது என் எண்ணம்.

இங்கே விலங்கியல் படிக்க வந்த பிறகே என் தொடைக்கு நேர்ந்தது இன்னதென்று விளங்கிற்று. விரைந்து ஓடுகிறவனுடைய கால் முன்னே வீசப்படும்போது, பின்தொடைத் தசை நீண்டுகொண்டே அந்த வீச்சைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கிழிவது பெரும்பாலும் அப்போதுதான். அந்தத் தடுக்கும் வலுவைத் தனியே தேடிச் சேர்க்க வேண்டும். போட்டி மாதங்களில் களைத்த காலுக்கு அதற்கு இடமேது? மூன்று விளையாட்டு ஆடுகிறவனுக்கு அந்தக் கோடை வாரங்கள்தாம் கதி.

விளையாட்டை விடச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஒரே ஆட்டத்தை ஆண்டு முழுவதும் ஆடும் சிறுவனுக்கு ஒரே மூட்டு ஓயாமல் அடிபடுகிறது. அதற்கு இவன் வழியே மேல்.

கங்கைக் கரை அகாடாக்களில் பஸ்கியை நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள். பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் நூறு முறை எடுக்கக் கூடிய பயிற்சி நெடுநேரம் தாங்கும் திறனைத் தரும். வலுவை அவ்வளவாக ஏற்றாது. தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், காயமுற்றவர்களின் கால்களைத் தேற்றப் பளுவைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1945-இல் எழுதி வெளியிட்டார். அதையே தம்பிக்கு ஏற்றபடி சொன்னேன். வாரத்தில் மூன்று நாள், இடையிடையே ஓய்வு. பழைய பள்ளிக்கூடப் பையில் மணல் நிரப்பி, மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். எட்டு எட்டாக மூன்று தடவை. இன்னும் இரண்டு முறை முடியும் என்னும்போதே நிறுத்திவிட வேண்டும். பன்னிரண்டு சுலபமாக வந்தால் ஒரு கிலோ மணல் சேர்க்கலாம். முதல் சில வாரங்களில் வலுவைக் கூட்டுவது பெரும்பாலும் நரம்புகளே. தசை பருக்க நாளாகும். ஆகவே கண்ணாடி முன் நின்று ஏமாற வேண்டாம் என்றும் எச்சரித்தேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. “இந்த வயசுல பளு தூக்கினா வளர்த்தி நின்னுபோகும்னு சொல்றாங்களே?”

முறையாகக் கற்று, தக்கவர் மேற்பார்வையில் செய்தால் வளர்ச்சி குன்றுவதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020-இல் கூறியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அம்மா அமெரிக்காவை மதித்ததாகத் தெரியவில்லை. மேற்பார்வை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். தம்பியின் விளையாட்டு ஆசிரியர் இரண்டு நாள் வந்து கற்றுக் கொடுத்தார். மற்ற நாளெல்லாம் அம்மாதான்.

என் காலை நினைத்து நான் சேர்த்த பயிற்சி ஒன்று உண்டு. முழங்காலிட்டு நிற்க வேண்டும். கணுக்கால்களை இன்னொருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடுப்பை வளைக்காமல் முன்னே மெல்ல மெல்லச் சாய வேண்டும். பின்தொடைக் காயத்தை இது வெகுவாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வைகாசியில் ஒரு விடியற்காலை காணொளி அழைப்பில் பார்த்தேன். முற்றத்தில் பாய் விரித்திருந்தது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்துகொண்டிருந்தான். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் கால்களின் மேல் ஏறக்குறைய உட்கார்ந்தே இருந்தாள். என்னைக் கண்டதும், “உனக்கு அப்போ கால்ல என்னமோ ஆச்சுன்னு எனக்குத் தெரியும்டா. ராத்திரியெல்லாம் தைல வாடை அடிச்சுதே. சொல்லியிருந்தா உன் காலையும் பிடிச்சிருக்க மாட்டேனா?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை.

“அம்மா, பேசாதே, எண்ணிக்கை விட்டுப்போச்சு!” என்று கத்தினான் தம்பி.