பின்னால் வரும் காற்று

வீட்டுக்கு ஒரு சாமான் வாங்குவதென்றால் நம்மவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்தாம். "என்ன விலை?" என்பது ஒன்று, "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்பது மற்றொன்று. வாக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர்கள் மூன்றாவதாக ஒன்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

என் தங்கையின் பேரனுக்கு ஏழு வயது. இழுப்பு உண்டு. துடைப்பத்தை எடுத்தால் போதும், தும்மலில் ஆரம்பித்து மார்பில் போய் முடியும். மருந்து டாக்டர் பொறுப்பு. தூசியைக் குறைப்பது வீட்டார் பொறுப்பு. பென்ஷனில் நடக்கிற குடும்பம். "அக்கா, புதுசுதான் வாங்கணுமா? செகண்ட் ஹாண்டு போதாதா? ரீகண்டிஷன் பண்ணினது கிடைக்கிறதாமே?" என்று கேட்டாள்.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 1907-ல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்பவர் ஒரு கடையில் பெருக்கும் வேலை பார்த்தார். அவருக்கும் இழுப்பு. கம்பளத்திலிருந்து கிளம்பிய தூசியைத் தாங்க முடியாமல், விசிறி மோட்டார் ஒன்று, துடைப்பக் கட்டை ஒன்று, தலையணை உறை ஒன்று, இவற்றைச் சேர்த்து ஒரு யந்திரம் கட்டினார். 1908-ல் பேடண்ட் வாங்கினார். அதை விலைக்கு வாங்கிய ஹூவரின் பெயர்தான் உலகமெல்லாம் பரவியது.

நாம் மோட்டாரை நினைவில் வைத்துக்கொண்டு, தலையணை உறையை மறந்துவிடுகிறோம். உறிஞ்சிய காற்று எங்கே போகிறது? யந்திரத்தின் பின்புறமாக அறைக்கே திரும்பி வருகிறது. பை கிழிந்திருந்தாலும், மூடி ரப்பர் தளர்ந்திருந்தாலும், குப்பை உள்ளே தங்கும். நுண்ணிய பொடி வெளியே பறக்கும். தரை பளபளக்கும், குழந்தை இருமும்.

கடைக்காரர்கள் வாட் கணக்கைச் சொல்வார்கள். வாட் என்பது யந்திரம் தின்னும் மின்சாரம். உறிஞ்சும் வலிமை அல்ல. ஐரோப்பிய யூனியனில் 2017-ல் 900 வாட்டுக்கு மேல் கூடாது என்றே விதித்தார்கள். அதனால் அங்கே வீடுகள் குப்பைமேடாகிவிடவில்லை.

தங்கையோடு ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பழைய யந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டினார்.

"கார்பன் பிரஷ் மாத்தியாச்சு, பேரிங் மாத்தியாச்சு. மோட்டார் புதுசு மாதிரிம்மா."

"ஃபில்டர்?"

"கழுவி வெச்சிருக்கேன்."

"புது ஃபில்டர் கிடைக்குமா?"

தலையைச் சொறிந்தார். "இந்த மாடலுக்கு வர்றதில்லைம்மா." பிறகு, யாருக்கு என்று விசாரித்தார். சொன்னோம். "குழந்தைக்குன்னா இது வேண்டாம்மா. காருக்குக் கேக்கறவங்க வருவாங்க, அவங்களுக்குக் குடுத்துக்கறேன்" என்று சுவிட்சை அணைத்துவிட்டார். கைக்கு வந்த வியாபாரத்தை அப்படி விட்டவரைத்தான் நம்பிக்கையான மெக்கானிக் என்பேன்.

ஆகவே மூன்றாவது கேள்வி இதுதான்: "பின்னால் வரும் காற்று சுத்தமாக இருக்குமா? இன்னும் ஐந்து வருஷத்துக்குப் பையும் ஃபில்டரும் கிடைக்குமா?" இதற்கு ஆம் என்று பதில் வந்தால் ரீகண்டிஷன் யந்திரமும் நல்ல யந்திரமே, எந்தெந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். இல்லை என்றால், பெட்டி பிரிக்காத புது யந்திரம்கூட அந்த வீட்டுக்கு உதவாது.

தங்கை சின்னதாக ஒரு புது யந்திரமே வாங்கினாள். உறை போட்ட பை, ஹெப்பா ஃபில்டர். பை வாங்கவென்று மாதா மாதம் கொஞ்சம் பணம் ஒதுக்குகிறாள். பையன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் சுவிட்சைப் போடுகிறாள். துடைப்பம் வாசலோடு நின்றுவிட்டது.