கணக்கில் என்னவென்று எழுதினார்கள்?

சட்டத்தரணி என்றதும் நம் பிள்ளைகளின் மனக்கண் முன் தோன்றுவன கறுப்பு அங்கியும் குறுக்கு விசாரணையுமேயாம். நீதிமன்றப் படியை அதிகம் ஏறாது, கம்பனிகளின் ஐந்தொகைகளோடும் பங்குப் பத்திரங்களோடும் ஆயுளைக் கழிக்கும் சட்டத்தரணிகளும் உளர் என்று வகுப்பிலே நாம் சொன்னபோது, "அதிலே என்ன சுவை இருக்கிறது, சேர்?" என வினவினான் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். அவனுக்கு நாம் விடையாகக் கூறியது ஸ்ரான்லி ஸ்போர்க்கின் என்பாரின் கதையை.

1932இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு நீதிபதியின் மகனாகப் பிறந்த இவர், கணக்கியலும் கற்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1957இல் சட்டப் பட்டமும் பெற்றார். 1961இல் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவிற் சேர்ந்தார். பங்கு விற்கும் கம்பனிகள் பொதுமக்களுக்கு உண்மையை உரைக்கின்றனவா என்று கண்காணிக்க, 1929ஆம் ஆண்டுச் சந்தை வீழ்ச்சியின் பயனாக 1934இல் எழுந்த நிறுவனம் அது. வெளியே போயிருந்தால் பன்மடங்கு ஊதியம் ஈட்டியிருக்கக்கூடிய இவர், இருபது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

1973இல் வாட்டர்கேற் ஊழல் பற்றிய செனற் சபை விசாரணை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ஜனாதிபதி நிக்சனின் தேர்தல் நிதிக்குப் பல கம்பனிகள் சட்டத்துக்கு மாறாகப் பணம் கொடுத்தமை வெளிப்பட்டது. நாடு முழுவதும் அரசியலைப் பேசிக்கொண்டிருக்க, ஸ்போர்க்கினின் உள்ளத்தில் எழுந்ததோ ஒரு கணக்கப்பிள்ளையின் ஐயம். இந்தப் பணத்தைக் கணக்கில் என்னவென்று எழுதியிருப்பார்கள்? 'இலஞ்சம்' என்று பேரேட்டில் எவரும் தலைப்பிடுவதில்லையே!

தேடிப் பார்த்தார்கள். கல்ஃப் ஒயில் கம்பனி, பகாமாஸ் தீவுகளிலிருந்த ஒரு துணைக் கம்பனியின் வழியாகப் பணத்தைச் சுற்றிக் கொண்டுவந்தமை புலப்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த கதைதான். பின்னர், தாமாக முன்வந்து உண்மையைக் கூறுமாறு ஆணைக்குழு அழைத்தபோது, 400க்கு மேற்பட்ட கம்பனிகள் 30 கோடி டொலருக்கு மேல் ஐயத்துக்குரிய கொடுப்பனவுகளை ஒப்புக்கொண்டன. அவற்றுட் பெரும்பகுதி பிறநாட்டு அதிகாரிகளின் கைக்குச் சென்றவை.

இலஞ்சத்தைத் தண்டிக்கும் அதிகாரம் அந்த ஆணைக்குழுவுக்கு அன்று இருக்கவில்லை. பொய்க் கணக்குக் காட்டிப் பங்காளரை ஏமாற்றினீர்கள் என்ற ஒரே நூலைப் பிடித்தே அவர் இத்தனையையும் இழுத்தெடுத்தார். எமது வியப்பும் அதுவே. 1977இல் இயற்றப்பட்ட சட்டம் பிறநாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுப்பதைத் தடுத்ததோடு, கணக்கை உள்ளபடி எழுதவேண்டும் என்றும் விதித்தது. இன்று கம்பனிக்குள்ளேயே அமர்ந்து, இந்தத் தரகருக்கு ஏன் இவ்வளவு, இதனை அனுமதித்தவர் யார், பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பது இத்துறைச் சட்டத்தரணிகளின் அன்றாடத் தொழில். அலுப்பான வேலைதான், கேட்பவரை யாரும் விரும்புவதுமில்லை.

பிற்காலத்தில் ஸ்போர்க்கின் நீதிபதியானார். கலிபோர்னியாவின் லிங்கன் சேமிப்பு நிறுவனம் 1989இல் முறிந்தது. அதன் தாய்க் கம்பனியின் காப்புறுதியற்ற கடன் பத்திரங்களை வாங்கியிருந்தோர் சுமார் 23,000 பேர். அவர்களுட் பலர் முதியோர். நிறுவனத்தை அரசு கையேற்றது தவறென உரிமையாளர் தொடுத்த வழக்கை 1990இல் அவர் நிராகரித்தார். அத்தீர்ப்பில், இவையெல்லாம் நடந்தபோது கணக்காளரும் சட்டத்தரணிகளும் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்டார்.

என்ரன் கம்பனியின் வீழ்ச்சிக்குப் பின், 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பாதி விடை அளித்தது. பெருங் குற்றத்தின் சான்றைக் கண்ட சட்டத்தரணி கம்பனியின் தலைமைக்கு அறிவித்தல் வேண்டும். அங்கே செவிசாய்க்காவிடின் பணிப்பாளர் சபை வரை செல்லல் வேண்டும். அதற்கப்பால் வெளியே சொல்லச் சில வேளைகளில் அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. பதவி விலகி ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என முன்மொழியப்பட்ட விதி ஏற்கப்படவில்லை. அப்படிச் செய்தால் கட்சிக்காரர் தம் சட்டத்தரணியிடமே உண்மையை ஒளிப்பர் என்று வாதிட்டார்கள். அது வெறுஞ் சாக்கன்று, நமக்கும் விளங்குகிறது. ஆயினும், சேமிப்பை இழந்த அம்முதியோரிடம் போய் அவ்வாதத்தைச் சொல்ல எமக்கு நா எழாது.