சுருளிப்பட்டியிலிருந்து காங்கேசன்துறைக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம்தான். ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ போய், முங்கி எழுந்து, திதி கொடுத்துவிட்டுத் திரும்புகிற இடம். பொழுதுபோக்கக் கடலுக்குள் போவது எங்கள் ஊர் வழக்கத்தில் இல்லை. ஆகவே என் வீட்டுக்காரருக்கு அறுபது முடிந்தபோது, அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகாமல் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பலில் போகப்போகிறோம் என்றதும், நாத்தனார், "நடுக்கடல்லதான் மாலை மாத்தப் போறீகளா?" என்று சிரித்தார்.

டிக்கெட் எடுத்தது மகன். நாள் குறித்தது திராட்சைக் கொடி. எங்களுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம். காய் பிடித்துவிட்டால் செவட்டை நோய்க்குப் பயந்து தினமும் பந்தலுக்குள் குனிந்து பார்த்தாக வேண்டும். ஒரு வெட்டு முடிந்து, அடுத்த கவாத்துக்குக் கொடி ஓய்வில் இருக்கும் சில நாட்கள்தான் எங்களுக்கும் ஓய்வு.

2023 ஜூன் எங்கள் மாவட்டத்துக்கு நல்ல மாதம். போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் விட்டது அந்த மாதம்தான். கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட ஆரம்பித்ததும் அதே மாதம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, மறுபடி சென்னை; ஐந்து இரவுப் பயணம். தேனியில் இரவு ரயிலேறி, காலையில் சென்னையில் இறங்கித் துறைமுகம் போனோம்.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1990-ல் பிரான்சில் கட்டியது, 211 மீட்டர் நீளம், 11 தளம், ஆயிரத்தெண்ணூறு பேர் வரை ஏற்றலாம். நீச்சல் குளம், நாடகம், பாட்டு, சூதாட்ட அறை. மூன்று வேளையும் சாப்பாடு குவிந்து கிடக்கிறது, பசிக்கத்தான் நேரமில்லை. என் வீட்டுக்காரர் இவை எதையும் கேட்கவில்லை. முதல் நாளே ஒரு பணியாளரைப் பிடித்து, "தம்பி, இத்தனை பேரு குளிக்கிறதுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டார். கேரளத்தோடு வழக்கில் இருக்கும் முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற பள்ளத்தாக்குக்காரர் வேறென்ன கேட்பார்? கப்பல்களில் கடல்நீரையே உப்பு நீக்கி நல்ல தண்ணீராக்கிக்கொள்கிறார்கள் என்று அந்தத் தம்பி விளக்கியதும், "அப்ப அணையும் வேண்டாம், கேசும் வேண்டாம்" என்றார். கரை தெரியும்வரை பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார்.

அம்பாந்தோட்டையில் இறங்கியபோது, கடனைத்தான் முதலில் பார்த்த மாதிரி இருந்தது. அத்தனை பெரிய துறைமுகம். சீனக் கடனில் கட்டி, 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடமே போய்விட்டது. கூட வந்தவர்களில் பெரும்பாலோர் யானை பார்க்கச் சரணாலயத்துக்குப் போனார்கள். சுருளி மலையடிவாரத்தில் இருக்கிறவர்களுக்கு யானை பார்க்கக் கடல் கடக்க வேண்டுமா? நாங்கள் வேன் பிடித்துக் கதிர்காமம் போனோம். மாணிக்க கங்கையில் கால் நனைத்து, பழத்தட்டோடு வரிசையில் நின்றால், உள்ளே விக்கிரகம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வள்ளி தெய்வானையோடு முருகனைத் தீட்டிய திரைக்குத்தான் கும்பிடு. பூசை செய்வது சிங்களக் கப்புறாளைமார். பழனிக்குப் பாதயாத்திரை போய்ப் பழகிய இவருக்கு முதலில் ஒரு தயக்கம். வெளியே வந்தபோது, "ஆளைக் காட்டாட்டியும் ஆள் இருக்காரு" என்றார்.

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளே போய்த்தான் ஏற வேண்டும். வழியில் மான்கள் ஆடு மாதிரி அலைகின்றன. பாறையின் உச்சியில் கோயில், கீழே செங்குத்தாகக் கடல். பழைய கோயிலை 17-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இடித்து, கற்களைக் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். இயற்கைத் துறைமுகம் என்றால் என்ன என்பது அந்த உச்சியில் நின்று பார்த்தால் புரியும்.

காங்கேசன்துறையை நான் ஒரு கோயில் நிறுத்தமாக மட்டுமே நினைத்திருந்தேன். ஆனால் இறங்கியதும் எதிர்ப்பட்டது போரின் தடம்தான். வலிகாமம் வடக்கு என்கிற அந்தப் பகுதி மக்கள் போரில் ஊரைவிட்டு வெளியேறியதும் 1990-ல்தான். எங்கள் கப்பல் கட்டி முடிந்த அதே வருடம். போர் முடிந்த பிறகும் நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பக் கிடைத்தன. கூரையில்லாத வீடுகளுக்குள் மரம் முளைத்து நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். வேன் பேச்சில்லாமல் போனது.

பிறகு செம்மண் வந்தது. எங்கள் மண்ணைவிடச் சிவப்பு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி நிற்பதைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகின்றன. பனைமட்டை வேலிகளை எண்ணிக்கொண்டு வந்த இவர் திடீரென்று, "நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் திராட்சைப் பந்தல்!

தோட்டக்காரர் எங்களை உள்ளே கூப்பிட்டார். "இந்தியாவில எவ்விடம் நீங்கள்?"

"தேனிப் பக்கம். நமக்கும் இதே பொழப்புத்தாங்க."

அதற்குப் பிறகு என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். கவாத்து எப்போது, மழை பெய்தால் என்ன மருந்து, வவ்வாலுக்கும் அணிலுக்கும் என்ன வழி. எங்கள் பழம் பன்னீர் வாசம் வீசும், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும் என்று இவர் சொல்லச் சொல்ல, அவர், "உங்களுக்கு ஆறு இருக்குதெல்லோ" என்றார். தன் கிணற்றில் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டலாம், அதற்குமேல் ஓட்டினால் எப்போது உவர் ஏறும் என்று அவர் கணக்குச் சொன்னார். இவர் வாயடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களூரில் தண்ணீருக்கு அணையின் மட்டத்தைத்தான் பேப்பரில் பார்ப்போம்; கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து அளவு வைக்கிற பழக்கம் எங்கள் தலைமுறையில் குறைந்துவிட்டது.

அந்தத் தோட்டத்தில் நின்ற நேரத்தில் யாழ்ப்பாண நூலகம் கைவிட்டுப் போனது. 1981-ல் எரிக்கப்பட்டு, மறுபடி எழும்பிய அந்த வெள்ளைக் கட்டடத்தை வேனிலிருந்தபடி பார்த்ததோடு சரி. நல்லூரில் மட்டும் இறங்கினோம். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். எங்கள் பக்கத்துக் கோயில்களின் சிறப்பு தரிசனக் கட்டணப் பலகைகளை நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடலை எங்கள் வீட்டில் முதலில் கடந்தது நாங்கள் இல்லை. என் வீட்டுக்காரரின் பெரிய தாத்தா ஒருவர், தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அந்த வழியையும் அழித்தது. அவர் போன பயணத்தில் நீச்சல் குளமும் இல்லை, திரும்பி வரும் தேதியும் இல்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வயதான தம்பதி, சமையல் கவலையில்லாமல், போன் சிக்னல் இல்லாமல், நாள் முழுக்க ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் இந்த மாதிரிக் கப்பல் நல்லது. ஆனால் ஊர் பார்க்க அது உதவாது. ஒரு துறைமுகத்துக்கு ஒரு பகல்கூட முழுசாக மிஞ்சாது. யாழ்ப்பாணம் பார்க்க வேண்டும் என்றால், 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகில் போங்கள். சுமார் நான்கு மணி நேரம்தான். கடல் நிலையைப் பொறுத்து நாள் மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று நாளாவது தங்குங்கள், நூலகத்துக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள்.