வெட்டுவதா, அடுக்குவதா?

'கந்தை' என்னும் சொல்லை நாம் நன்றாக நடத்தியதில்லை. வறுமையைச் சொல்லவேண்டுமானால் அதனை அழைப்போம். பழமொழியிலுங்கூடக் கசக்கிக் கட்டவேண்டிய நிலையில்தான் அது நிற்கிறது. வடமொழிக் 'கந்தா'விலிருந்து வந்த சொல் என்று தமிழ்ப் பேரகராதி குறிக்கும். அங்கே ஒட்டுப்போட்ட ஆடைக்கும் துறவியின் போர்வைக்கும் அது பெயர். அதே சொல் வங்காளத்தில் 'காந்தா' ஆயிற்று. பிறந்த குழந்தையைக் கிடத்துவது காந்தாவின்மேல். குளிர்காலத்தில் குடும்பமே போர்த்துக்கொள்வது காந்தாவை. ஏட்டைச் சுற்றிவைக்க ஒன்று, கண்ணாடி சீப்பைச் சுருட்டிவைக்க ஒன்று. ஒரே சொல் ஓரிடத்தில் நாணமாகவும் ஓரிடத்தில் பரிசாகவும் இருப்பது மொழி பயின்றவர்களுக்குப் புதிதன்று. எனினும் ஊசியைக் கையில் எடுத்தபிறகே அது எங்களுக்கு உறைத்தது.

ஞாயிறு பிற்பகல்களில் கூடும் நாங்கள் ஐவர். மூவர் கல்லூரியில் பாடம் சொல்பவர்கள்; ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்; ஒருவர் பள்ளியில் முப்பது ஆண்டுகள் தையல் கற்பித்தவர். மூன்று விரிவுரையாளர்கள் இருக்கும் அவையில் 'டீச்சர்' என்ற பெயர் அவர் ஒருவருக்கே உரியது. குவில்ட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் ஒட்டுப்போர்வைகளை, பழந்துணி கொண்டு கையால் தைப்பது எங்கள் பொழுதுபோக்கு. மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி என மூன்றடுக்காக வைத்து நூல் ஓட்டுவது மேலைநாட்டு முறை. எங்கள் ஊர் வெயிலுக்குப் பஞ்சு ஆகாது. ஆகவே துணியின்மேல் துணியே அடுக்குவோம்.

கடந்த ஆடியில் எங்களில் ஒருவரின் தாயார் காலமானார். கருமாதி முடிந்து சில வாரங்களில் அவர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். பதினொரு நூல் சேலைகள். சுங்குடி நான்கு, கண்டாங்கி இரண்டு. மற்றவை பெயர் தெரியாத கைத்தறி. தாயாருக்கு மூன்று பெண்கள். இளையவருக்கும் எங்கள் தோழிக்கும் போர்வையாக வேண்டும். மூத்தவருக்கோ கத்தரிக்கோல் என்ற பேச்சே ஆகவில்லை. "அம்மா உடுத்தினதை வெட்டுறதா?" என்று கேட்டுவிட்டாராம்.

எளிய கேள்விபோல் தோன்றினாலும் உலகெங்கும் ஒட்டுப்போர்வை தைப்பவர்கள் இதற்கு வெவ்வேறு விடை வைத்திருக்கிறார்கள். அடுத்த சில ஞாயிறுகளில் தையல் குறைந்து பேச்சு மிகுந்தது.

வங்காளம் பெரும்பாலும் வெட்டாது. பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் முழுமுழுவிரிப்பாகத் தரையில் பரப்பி, சுருக்கம் நீவி, ஓரம் மடித்து, முதலில் நீண்ட தையலால் பிணைத்துக்கொள்வார்கள். பிறகு நடுவிலே ஒரு தாமரை, நான்கு மூலையிலும் மரமோ கொடியோ. எஞ்சிய வெளி முழுவதும் வெறும் நூலோட்டம். அந்த நூலும் சேலைக் கரையிலிருந்து உருவியெடுத்ததே. தையல் நெருங்க நெருங்கத் துணி இலேசாகச் சுருங்கி, காற்றுப்பட்ட குளத்துநீர் போல் மேற்பரப்பில் அலை எழும். ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்ற கதைக்கவிதையில், பிரிந்துபோன கணவனை எண்ணித் தன் வாழ்வையே ஒருத்தி காந்தாவில் தைக்கிறாள். அவள் இறந்தபின் அது அவள் கல்லறைமேல் விரிக்கப்படுகிறது. (இன்று கடைகளில் புதுப்பட்டின்மேல் ஓரடுக்காகத் தைத்துக் 'காந்தா' என்று விற்கிறார்கள். தைக்கும் பெண்களுக்குக் கூலி கிடைக்கிறது, நல்லது. ஆனால் அடுக்கும் பழமையும் இல்லாத ஒன்றை அப்பெயரால் அழைக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.)

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்தோடும் ஓர் ஒதுக்குப்புறத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் உண்டு. அடிமைகளாய்ப் பருத்தி விளைவித்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தைத்த போர்வைகள், 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் ஓவியங்களைப்போலத் தொங்கின. அவர்கள் வெட்டுவார்கள், கிழிப்பார்கள். மிசௌரி பெட்வே என்பவர் கணவர் இறந்தபின், 1942-இல், அவர் வயலுக்கு உடுத்திய கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்துப் போர்வையாக்கினார். உடனிருந்து உதவிய மகள் பிற்காலத்தில் அதனைச் சொல்லியிருக்கிறார். அவ்வூர்ப் போர்வைகள் சிலவற்றில் பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளிறாமல் அடர்நீலமாய் நிற்கும். முழங்கால் இருந்த இடம் வெளுத்திருக்கும். வெட்டியதால் ஆள் மறையவில்லை, உழைத்த உடம்பின் சுவடு அப்படியே இருக்கிறது. மேல்விரிப்பை அவரவர் வீட்டில் தனியே இணைப்பதும், அடுக்கிப் பிணைக்கும்போது பலர் கூடியிருந்து தைப்பதும் அவர்கள் வழக்கம். இந்தப் பகுப்பு எங்களுக்கு மிகவும் பிடித்தது. வண்ணத்தைத் தேர்வதில் ஐவர் தலையிட்டால் சண்டைதான். நூல் ஓட்ட ஐவரும் வேண்டும்.

மூன்றாவது விடை அண்டை மாநிலத்தில் இருந்தது. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். ஒரு பழஞ்சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்தில் தொடங்கி, ஒட்டுக்களை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தபடி சுற்றிச்சுற்றி உள்நோக்கி வருவார்கள். முடியும் இடம் நடு. ஒட்டை இணைப்பதும் அடுக்கைப் பிணைப்பதும் ஒரே தையல்தான், தனித்தனி வேலையல்ல. நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளை வைத்து முடிப்பார்கள். அதற்குப் 'பூ' என்று பெயர். பூ வைக்காத கவந்தி முடிந்த கவந்தி ஆகாது. 2011-இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் இவற்றுக்கெனவே ஒரு கண்காட்சி நடந்தது. கவந்தி தைத்துப் பார்க்கையில் எங்களுக்குக் கை தடுமாறிற்று. நடுவிலிருந்து வெளியே தைத்தால் சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் அது எங்கே போகும்? ஒவ்வோர் ஒட்டை வைக்கும்போதும் அங்கங்கே நீவித் தீர்த்துவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அதில் இடமில்லை.

வெட்டுவதைப் பற்றிப் பௌத்தர்களின் விநயபிடகத்திலும் ஒரு செய்தி உண்டு. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி, அதுபோல் துறவிகளின் சீவர ஆடையை அமைக்கமுடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்கிறார். துண்டாக்கித் தைத்த துணியைக் கள்வரும் விரும்பார் என்பது அதன் பயன். வெட்டினால் துணி விலைமதிப்பை இழக்கிறது. அதனாலேயே துறவிக்கு உரியதாகிறது. மகளிடம் இருக்கும் தாயின் சேலைக்கும் சந்தை விலை ஒன்றும் இல்லையே என்று எங்கள் தோழி சொன்னார். அதற்கு மறுமொழி எவரிடமும் இல்லை.

மூத்தவர் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். சேலைகள் எல்லாம் பீரோவில் அப்படியே இருக்கட்டும் என்பது அவர் கட்சி. டீச்சர் மறுத்துப் பேசவில்லை. ஒரு சுங்குடியை எடுத்து மடிப்பைப் பிரித்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மடிப்பு விழுந்த கோடு நெடுகிலும் இழைகள் விட்டிருந்தன. "பீரோவில வச்சாலும் வெட்டுப்படும்மா. மடிச்ச இடத்துல தானா இத்துப்போகும்" என்றார்.

கணக்குப் போட்டவரும் டீச்சரே. சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். குறுக்கே இரண்டே வெட்டு, 1.8 மீட்டரில் மூன்று துண்டு. ஒருவர் போர்த்துக்கொள்ள அந்த நீளமும் சேலையின் அகலமும் போதும். ஐந்து சேலைகளை இப்படிப் பகுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு என அடுக்கினால் ஐந்தடுக்கில் மூன்று போர்வை. ஐந்து சேலையும் மூன்று பெண்களிடமும் இருக்கும். அதற்குமேல் அடுக்கினால் ஊசி இறங்காது. அடிக்கடி துவைத்து மெத்தென்றான நூல்துணி என்பதால்தான் ஐந்தே சாத்தியம்; புதுத்துணியானால் மூன்றிலேயே விரல் நோகும், முதல் சலவையில் ஓரடுக்கு சுருங்கி ஓரடுக்கு சுருங்காமல் கோணிக்கொள்ளும். எஞ்சிய சேலைகள் மூத்தவரின் பீரோவுக்கே என்று முடிவாயிற்று. உடல் முழுதும் இற்றுப்போன ஒன்று மட்டும் எங்களிடம் தங்கியது.

ஒரு சிக்கல் இருந்தது. மூன்று துண்டில் ஒன்றில்தானே முந்தானை வரும்? ஐந்து முந்தானையை மூவருக்கு எப்படிப் பகிர்வது? வெட்டுவதா கூடாதா என்பதைவிட இதற்கே அதிக நேரம் பிடித்தது. ஒருவருக்கு ஒன்று என மேலடுக்கில் வைத்து, மிஞ்சிய இரண்டையும் இளையவர்கள் இருவரின் போர்வைகளில் உள்ளடுக்காக்கினோம். மூத்தவர் தமக்கென்று கேட்டது மஞ்சள் கறை படிந்த கண்டாங்கி முந்தானை.

இளையவருடையது முடிந்து அவர் வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது இப்போது எங்கள் நடுவே விரிந்து கிடக்கிறது. தாமரை முடிந்து வெளிப்புறமாக நகர்ந்துகொண்டிருக்கிறோம். தைப்பது அந்த இற்றுப்போன சேலையின் கரையிலிருந்து உருவிய அரக்குநிற நூலால். ஒற்றை இழை முழங்கை நீளம் போகுமுன் அறுந்துவிடுகிறது. மூன்று இழையைச் சேர்த்து முறுக்கினால் தாங்குகிறது. மூத்தவர் ஞாயிறுதோறும் வருகிறார். ஊசியைத் தொடுவதில்லை. சன்னலோரம் அமர்ந்து, கரையைப் பிரித்து, நூலை உருவி முறுக்கித் தருகிறார்.