நிலைக்கு வந்த தேர்

2025 ஜூன் மாதம் கொல்கத்தா நாளேடுகளில் விந்தையான விலை விசாரணை ஒன்று செய்தியாயிற்று. சுகோய்ப் போர் விமானத்துக்குரிய டயர்கள் நான்கு வேண்டும், விலை என்ன என்று நகரின் இஸ்கான் அமைப்பினர் உற்பத்தி நிறுவனத்தைக் கேட்டிருந்தார்கள். பக்தி இயக்கம் ஒன்றுக்குப் போர் விமான டயர் எதற்கு என்று நிறுவனத்தார் திகைத்ததில் வியப்பில்லை. அவர்களுடைய ஆட்கள் கொல்கத்தாவுக்கே வந்து பார்த்தபோது அவர்களுக்குக் காட்டப்பட்டது ஜகந்நாதர் தேர். ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அந்தத் தேர் போயிங் 747 விமானத்தின் டயர்களில் உருண்டுகொண்டிருந்தது. அவை தேய்ந்து மூத்துவிட்டன. அதே வகையில் புதியது கிடைப்பது அரிதாகிவிட்டது. அளவில் நெருங்கி வந்தது சுகோய் டயர்தான். அவ்வாண்டு ஜூன் 27 அன்று நடந்த ரத யாத்திரையில் தேர் புதிய டயர்களில் புறப்பட்டது.

மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கும் டயர், மணிக்கு 1.4 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்ற முரணை எல்லோரும் எழுதினார்கள், எல்லோரும் இரசித்தார்கள். இரசிக்கத்தக்கதுதான். ஆனால் அந்த முரண் கேள்வியைத் திசைதிருப்பிவிடுகிறது. தேர்ச் சக்கரத்துக்கு வேகம் ஒரு பொருட்டே அன்று. ஆல்பர்ட் சாலைக் கோயிலின் தேர் பிரிகேட் பெருந்திடலுக்குப் போகும். ஒரு வாரத்துக்குப் பின் திரும்பும். ஆண்டில் ஓட்டம் இரண்டே நாள். எஞ்சிய நாள்களில் அது நிற்கிறது. அந்த நிற்றலில்தான் டயர் கெடுகிறது.

ஓடினால் தேயும், நின்றால் நிலைக்கும் என்பது பொதுப்புத்தி. இரப்பருக்கு அது பொருந்தாது. காற்றிலுள்ள ஓசோன் இரப்பரைச் சிறிது சிறிதாக வெடிக்கச் செய்யும். அதைத் தடுக்கவே டயர் கலவையில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் சேர்க்கிறார்கள். சக்கரம் உருளும்போது பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. அந்த அசைவில் மெழுகு உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து மெல்லிய படலமாகப் படிந்து காக்கிறது. நிற்கும் டயரில் இந்தச் சுரப்பு ஏறத்தாழ நின்றுபோகிறது. பள்ளவரிகள் புதிதுபோல் ஆழமாக இருக்க, பக்கச்சுவரில் நரம்போடிய வெடிப்புகள் தோன்றும். தரையைத் தொடும் இடம் பாரத்தில் தட்டையாகும். காற்று மெல்ல இறங்கும். இறங்க இறங்க மடிப்பு கூடும். பார்வைக்குப் புதியது, உள்ளே முதியது.

இழுத்துச் செல்லும் வீட்டுவண்டிகளோடு ஊர் சுற்றும் அயல்நாட்டார் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். (அங்கே அதைக் கேரவன் என்பார்கள். கோடம்பாக்கத்தில் அச்சொல் நடிகர்கள் இளைப்பாறும் வண்டியைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. பாலைவன ஒட்டக வரிசையில் தொடங்கிய சொல்லுக்கு இது எத்தனையாவது பிறவி என்று மாணவர் யாரேனும் எண்ணிப் பார்க்கலாம்.) கோடையில் ஓரிரு பயணம், மற்ற மாதங்களில் வீட்டுப் புறக்கடை என்பது அவ்வண்டிகளின் வாழ்க்கை. அதனால் பள்ளவரியின் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதே, டயரின் வயதைப் பார் என்பது அவர்களுடைய முதல் பாடம். பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் சொல்லும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர். ஐந்தாறு ஆண்டு கடந்தால், தேயாவிட்டாலும் மாற்றிவிடுவார்கள். வண்டியை நிறுத்தி வைக்கும் காலத்தில் அச்சின் கீழ் முட்டுக் கொடுத்துப் பாரத்தைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். வெயில் படாமல் டயரை மூடுவார்கள். காற்றை முழு அளவுக்கு நிரப்பி வைப்பார்கள்.

மற்றவை அவரவர் பட்டறைக்காரர் அறிந்தவை. பேரிங்கைக் கழற்றி, பழைய கிரீசை வழித்து, புதியதை அடைத்தல். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் முடுக்குதல். வில்பட்டைகளில் கீறல் பார்த்தல். பட்டையை அச்சோடு பிணைக்கும் போல்ட்டுகளையும், பட்டையின் நுனி ஆடும் புஷ்களையும் சோதித்தல். இரண்டு அச்சுள்ள இழுவண்டியில் ஒரு பட்டை தளர்ந்தால் அதன் பங்கு பாரமும் அடுத்த அச்சின் டயரில் ஏறும். டயர் வெடித்தது என்று சாலையோரத்தில் சொல்லப்படும் கதைகளில் சில, பட்டையிலிருந்து தொடங்கியவை.

இழுபடும் வண்டிக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஓட்டுபவர் அதனுள் இல்லை. காரின் டயர் தளர்ந்தால் கைச்சக்கரத்தில் தெரியும். பின்னால் வருவதன் நோய் முன்னால் இருப்பவரை வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். தேரில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. வடம் பிடிக்கும் ஆயிரம் கைகளில் ஒரு கைக்கும் அச்சின் முனகல் எட்டாது. வடத்தால் இழுக்க மட்டுமே முடியும், நிறுத்த முடியாது. சரிவில் தேர் தானாக உருளத் தொடங்கினால் வடம் தொய்ந்து தரையில் கிடக்கும்.

அதனால்தான் தமிழ்நாட்டில் தேருக்கு முட்டுக்கட்டை. சக்கரத்தின் முன் அந்தக் கட்டையைச் செருகித் தேரை நிறுத்துவதும், ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்துத் திருப்புவதும் வழிவழி வந்த திறன். முட்டுக்கட்டை போடுபவர் பெருஞ்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து வேலை செய்கிறார். தேரோட்டத்தில் அவரைவிட ஆபத்தான இடத்தில் நிற்பவர் இல்லை. மொழியோ அவருக்கு நன்றி காட்டவில்லை. இன்றைய அரசியல் தமிழில் முட்டுக்கட்டை போடுவது ஒரு பழி. உயிர் காக்கும் கருவியின் பெயர் வசையாகிப்போனதற்கு, இழுப்பவர்களின் கண்ணோட்டமே சொற்பொருளை முடிவு செய்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்வது கடினம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பின்னும் முட்டுக்கட்டைக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

ஆங்கிலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜகந்நாதர் பெயரே ‘ஜகர்நாட்’ என்று திரிந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் சக்தி என்ற பொருளைப் பெற்றது. பிரிட்டனில் அது பெருஞ்சரக்கு லாரிக்கும் பெயராயிற்று. தேரின் பெயரை லாரி வாங்கிக்கொண்டது. கொல்கத்தாவில் தேர் விமானத்தின் காலை வாங்கிக்கொண்டது. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது எனலாம்.

சக்கரம் மூப்படையும் என்ற சிக்கலுக்கு இந்தக் கீழ்க்கடற்கரை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற விடைகளைக் கண்டிருக்கிறது. பூரியில் மூன்று தேர்களையும் ஆண்டுதோறும் புதிய மரத்தால் கட்டுகிறார்கள். ஜகந்நாதர் தேருக்கு 16 சக்கரம், பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12. ஒரு சக்கரத்துக்கும் இரண்டாம் ஆண்டு கிடையாது. பராமரிப்பு என்ற சொல்லுக்கே அங்கு வேலை குறைவு. அதற்கு விலை காடுகள் தரும் மரமும், தலைமுறை தலைமுறையாக அந்த வேலையே செய்யும் தச்சர்களும். கொல்கத்தாவுக்கு வடக்கே ஸ்ரீராம்பூரை ஒட்டிய மாகேஷில் 1885இல் இரும்புச் சட்டத்தால் தேர் கட்டினார்கள். 50 அடி உயரம், 12 இரும்புச் சக்கரம். இரும்பு துருப்பிடிக்கும், ஆனால் துரு கண்ணுக்குத் தெரியும். பிரிகேட் திடலுக்குப் போகும் தேர் இரப்பரைத் தேர்ந்தது. தார்ச்சாலையைக் கீறாது, அதிர்வைத் தானே கொஞ்சம் விழுங்கும். மாநகரத்துக்கு ஏற்ற தேர்வு. ஆனால் மரத்தைப்போல ஆண்டுக்கொரு முறை எரிந்தும் போகாது, இரும்பைப்போல நோயை வெளியே காட்டவும் செய்யாது. மூன்றிலும் கூடுதல் கண்காணிப்புக் கேட்பது இதுவே.

டயருக்காக இந்நகரம் இத்தனை அலைந்ததில் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. கொல்கத்தாவின் வடக்கு விளிம்பில், பி.டி. சாலையில், டன்லப் என்றொரு சந்திப்பு உண்டு. பேருந்து நடத்துநர்கள் நாள் முழுவதும் அந்தப் பெயரைக் கூவுகிறார்கள். ஹூக்ளிக் கரையோரம் சாகாகஞ்சில் 1936இல் தொடங்கிய டன்லப் ஆலை இந்தியாவின் முதல் டயர் ஆலைகளுள் ஒன்று. விமான டயரும் அங்கே உருவாயிற்று. ஆலை நின்றுபோயிற்று, சந்திப்பின் பெயர் நிற்கவில்லை. சென்னை அம்பத்தூரிலும் இதே கதைதான். அங்கும் டன்லப் ஆலை இருந்தது. சுகோய்க்கு டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. பலூனுக்கும் போர் விமான டயருக்கும் பொதுவானது அடைபட்ட காற்று. எவ்வளவு காற்று என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழந்தமிழருக்கு இந்தக் கவலை புதிதன்று. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். நுகம் பழகாத இளைய எருதுகள், நிறைய ஏற்றிய வண்டி, பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏற வேண்டிய வழி. என்ன நேருமோ என்றெண்ணி உப்பு வணிகர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். அந்த அச்சைப் போன்றவன் நீ என்பது புகழ்ச்சி. சேம அச்சு என்று அதற்குப் பெயர். ஒரு மன்னன் மகனை யானையோடும் புலியோடும் ஒப்பிடுவது எளிது. வண்டியடியில் தொங்கும், யாரும் நிமிர்ந்து பார்க்காத ஒரு மரத்துண்டோடு ஒப்பிட, வண்டி முறிந்து நின்ற வழியைக் கண்ட கண் வேண்டும்.

அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. 2022 ஜூன் மாதம் தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில், காளியம்மன் கோயில் திருவிழாவில் தேர் அச்சு முறிந்து சாய்ந்தது. இருவர் உயிரிழந்தனர். வடம் பிடிக்கப் போன வீடுகளுக்கு அன்று மாலை வேறு செய்தி போயிற்று. இத்தகைய விபத்துகளுக்குப் பின் தேரின் உறுதிச் சான்று, பொறியாளர் ஆய்வு என்றெல்லாம் பேச்சு எழுவது வழக்கம். திருவிழாவுக்குச் சில நாள் முன்பு அதிகாரி வந்து பார்ப்பார். அப்போது தேருக்கு வண்ணம் பூசி முடிந்திருக்கும். வண்ணத்தின் கீழிருக்கும் கீறல் அவருக்கு எப்படித் தெரியும்?

பார்க்க வேண்டிய நாள் வேறு. தேர் நிலைக்கு வந்தது என்கிறோம். வேலை முடிந்தது, இனி அடுத்த ஆண்டுதான் என்ற பொருளில் அந்தத் தொடரை வாழ்க்கைக்கும் பயன்படுத்துகிறோம். சக்கரத்தின் கணக்கில் கடினமான பருவம் அன்றுதான் தொடங்குகிறது. கொல்கத்தாவில் ரத யாத்திரை ஆஷாட மாதத்தில் வருகிறது; மழை பெரும்பாலும் தவறுவதில்லை. தேங்கிய நீரில் உருண்ட சக்கரத்தின் பேரிங்குக்குள் ஈரம் புகுந்தால், அது கிரீசோடு கலந்து வெளுத்த கூழாகும். அந்த நிலையில் பதினோரு மாதம் அசையாமல் நின்றால், உருளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்திலெல்லாம் துரு குழி பறிக்கும். மறு ஆண்டு வடம் இறுகும்போது தேர் கிளம்ப மறுப்பதை மக்கள் இறைவனின் திருவுள்ளம் என்பார்கள். பாதி நேரம் அது பேரிங்.

உல்டோ ரத் முடிந்து தேர் கொட்டகைக்குத் திரும்பிய வாரத்தில், கூட்டம் கலைந்து பூவெல்லாம் வாடியிருக்கும். செய்தியாளர்கள் போயிருப்பார்கள். அச்சின் கீழ் ஜாக்கி கொடுத்து, சக்கரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஈரக் கிரீசை வழித்தெடுக்கப் பட்டறைக்காரர் ஒருவர் வர வேண்டிய நேரம் அது.